வாங்கினால்தான்

உளுந்து பாதி அரைபட்டிருந்தபோது ஃப்ரிட்ஜ் மேலிருந்த போன் ஒரு தரம் உறுமி அடங்கியது. என்ன சேதி என்று கலாமணிக்குப் பார்க்காமலே தெரியும். சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வின் முடிவு இன்றைக்கு வரும் என்று நேற்றே போட்டிருந்தார்கள், வந்துவிட்டது, அவ்வளவுதான். எழுந்து கையைக் கழுவிப் போனை எடுத்துத் தேர்வு எண்ணைப் போட்டால் ஒரு நிமிஷத்து வேலை. அவள் எழவில்லை. கிரைண்டரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட மாவை விரலால் வழித்து நடுவே தள்ளினாள், ஒரு கை தண்ணீரைத் தெளித்தாள், மாவு மெத்தென்று பொங்கி அவள் மணிக்கட்டைத் தொட்டுவிட்டுப் போனது. “வந்துருச்சாட்ட இருக்குதே, அம்மிணி” என்று முன்னறையிலிருந்து அவள் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி குரல் கொடுத்தார். “கை மாவுங்க” என்றாள். “நான் வேண்ணா பாக்கட்டா?” “வேண்டாங்க, உளுந்து வழிச்சுட்டு நானே பாத்துக்கறேன்.” பேப்பரைத் திருப்பும் சத்தம் கேட்டது. உளுந்தாவது அதன் பாட்டுக்கு அரையும், அதற்கு இவள் பக்கத்தில் காவல் இருக்கவேண்டும் என்று கிரைண்டர் கம்பெனிக்காரன்கூடச் சொல்லியிருக்க மாட்டான். ஆனாலும் உட்கார்ந்திருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறதே, அதை ஏன் விடவேண்டும். விடைகளை வெளியிட்ட அன்றே ஒப்பிட்டுப் பார்த்து மார்க்கைக் கூட்டியிருக்கலாம், பரீட்சை எழுதிய பொடிசுகள் எல்லாம் அன்று சாயங்காலமே கூட்டிக் கழித்துக் கொண்டாடியோ அழுதோ முடித்திருக்கும். இவள் அன்றைக்குப் பார்த்து வீடு முழுக்க ஒட்டடை அடித்தாள். பயமா என்று கேட்டால் பயம்தான். ஆனால் எதற்குப் பயம் என்று கேட்டால் அங்கேதான் சிக்கல், அந்த இடத்துக்கு இப்போது போகவேண்டாம், உளுந்து ஆகட்டும்.

வக்கீலாட்டப் பேசாத, வக்கீலாட்டப் பேசாத என்று சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்தார்கள். கிணத்துக்கடவில் அவள் பிறந்த வீட்டில் ஒரு விஷயத்தைச் சொன்னால் அதற்குப் பதில் தலையாட்டுவதுதான், கலாமணிக்கு மட்டும் தலை ஆடுவதற்குள் வாய் ஆடிவிடும். ஏன் தீட்டு, எதுக்கு ஆம்பளப் பசங்க மட்டும், யார் சொன்னது, எப்பச் சொன்னது. அம்மா கரண்டியோடு வருவாள், கருப்புக் கோட்டு ஒண்ணுதான் பாக்கி உனக்கு என்பாள். அத்தனை பேர் அத்தனை வருஷம் சொன்னதைக் கடைசியில் ஒருத்தி காதில் வாங்கிக்கொண்டாள் என்றால் அது அவள் குற்றமா? முப்பத்து மூன்று வயதில், மகள் நித்திலாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஆட்டோவுக்காக நின்றபோது எதிர்ச் சுவரில் நுழைவுத் தேர்வு விளம்பரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டாம் வகுப்பு போதும், வயது வரம்பு இல்லை. வரம்பு இல்லை என்ற இரண்டு வார்த்தையை வீடு வரும்வரை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தாள். பழைய பள்ளிக்கூட மார்க்கை வைத்தே சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு என்று யாரோ சொன்னார்கள். அந்த மார்க் வேண்டாம், அதை ஒருதரம் கொண்டுபோய்க் காட்டி ஒரு காரியமும் நடக்கவில்லை, புது மார்க் வேண்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு. முதல் வருஷம் போனாள். பரீட்சை நடக்கும் காலேஜ் வாசலில், “பேரண்ட்ஸெல்லாம் வெளிய இருங்க மேடம்” என்று தடுத்தார் ஒருவர். “பேரண்ட்தானுங்க, பரீட்சையும் எழுதறேன். ரெண்டும் ஒருத்தரா இருக்கக்கூடாதுங்களா?” அவர் அனுமதிச் சீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். அன்றைக்கு அவள் ஜெயித்தது அது ஒன்றுதான். தப்பான பதிலுக்குக் கால் மார்க் பிடிப்பார்கள் என்று தெரிந்தும் ஒரு கேள்வியையும் விடவில்லை. கேட்டுவிட்டான், பதில் சொல்லாமல் எப்படி எழுந்து வருவது, மரியாதையாக இருக்குமா? நாற்பத்தேழு மார்க். இரண்டாம் வருஷம் பயந்துபோய், தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்து விட்டுவிட்டு வந்தாள். அறுபத்தொன்று. எதைப் பேசுவது, எதை விடுவது என்று பிரித்துக்கொள்ளவே ஒருத்திக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது, அம்மா கேட்டால் கைகொட்டிச் சிரிப்பாள்.

குழவி கடகடவென்று ஒரு சுற்று தடுமாறிச் சரியானது. கொஞ்சம் தண்ணீர். இந்த மூன்று வருஷத்தை யாராவது கஷ்டம் என்று சொன்னால் கலாமணி ஒத்துக்கொள்ள மாட்டாள். விடியும்முன் எழுந்து, பால்காரர் மணி கேட்கும்வரை அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து படித்த நேரம் இருக்கிறதே, அந்த நேரத்தில் அவள் யாருக்கும் அம்மா இல்லை, யாருக்கும் மருமகள் இல்லை. இங்கிலீஷ் பேப்பரில் தலையங்கம் ஒரு பத்தியைத் தாண்ட ஆரம்பத்தில் அரைக் காலைப்பொழுது போகும். டிக்‌ஷனரியில் ஒரு வார்த்தையைத் தேடினால் அது இன்னொரு தெரியாத வார்த்தையைக் காட்டும், அதைத் தேடினால் அது மறுபடி முதல் வார்த்தையையே காட்டும். “அம்மா, அது ஜுடிஷியரி, ஜுடீசேரி இல்ல” என்று நித்திலா பல் துலக்கிக்கொண்டே திருத்துவாள். “புரிஞ்சுதா இல்லையா?” “புரிஞ்சுது.” “அப்ப விடு.” கோச்சிங் இல்லை, சார் இல்லை, சந்தேகம் கேட்க ஆள் இல்லை. ஒரு பழைய பயிற்சிப் புத்தகமும் அவளும்தான், இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை. சண்டை முற்றியது தர்க்கப் பகுதியில். பயிற்சிக்கு வந்தால் மட்டுமே ஒருவன் அணியில் சேர்க்கப்படுவான். ரவி பயிற்சிக்கு வந்தான். ஆகவே ரவி சேர்க்கப்படுவான், சரியா தப்பா? சரி என்று போட்டாள், புத்தகம் தப்பு என்றது. அதெப்படித் தப்பு? வரச் சொன்னான், வந்தான், சேர்க்கவேண்டியதுதானே? அச்சுப்பிழை என்று முடிவு செய்து அடுத்த கணக்குக்குப் போனாள், அங்கேயும் அதே அச்சுப்பிழை. அந்த ‘ஒன்லி இஃப்’ எங்கே வந்தாலும் அவள் கால் இடறியது. மாதக்கணக்கில் இடறியது. ஒருநாள் விடியற்காலை, பால் பாக்கெட்டைக் கத்தரித்துக்கொண்டே, எரிச்சலில் அதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். வந்தால் சேர்ப்பேன். வந்தால்தான் சேர்ப்பேன். வந்தாலும் சேர்க்கமாட்டேன். கத்தரிக்கோல் அப்படியே நின்றது. வந்தால் என்பது வாக்கு. வந்தால்தான் என்பது வாக்கே இல்லை, வராவிட்டால் கிடையாது என்ற மிரட்டல் மட்டும்தான், வந்த பிறகு என்ன ஆகும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. ஒரு ‘தான்’. சின்னப் பிள்ளையிலிருந்து நாளைக்கு நூறு தடவை சொல்கிற ‘தான்’, அதற்குள் இப்படி ஒரு பூட்டு இருக்கிறது என்று யார் கண்டது? அந்தச் சந்தோஷத்தில் பாலை அடுப்பில் வைத்தாள், அடுப்பைப் பற்றவைக்க மறந்துவிட்டாள், அதற்குள் எங்கிருந்தோ அப்பாவின் குரல் வந்துவிட்டது. ஆயிரத்து நூறு மார்க் வாங்குனாத்தான் காலேஜு, பாத்துக்க.

அவள் ஆயிரத்து நூறுக்கு மேலேயே வாங்கினாள். வாங்கிய மார்க் பட்டியலோடு வீட்டுக்கு வந்தால், திண்டல் பக்கத்திலிருந்து ஜாதகம் கேட்டு வந்திருந்தவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஜாதகம் தட்டிப்போனது, அடுத்தது கணபதி ஊரிலிருந்து வந்த வெள்ளியங்கிரியுடையது, அது பொருந்திவிட்டது. சொன்ன சொல் தவறிய மனுஷன் என்று அப்பாவின் மேல் அவளுக்கு ஒரு வழக்கு அன்றையிலிருந்து நிலுவையில் இருந்தது. அந்தப் பேச்சை அவள் ஒருதரமும் வாய்விட்டு எடுத்ததில்லை, எடுக்காமலே இத்தனை வருஷமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பொங்கலுக்குப் போனால் அவருக்கு இலை போடுவாள், கேட்டதைப் பரிமாறுவாள், முகம் பார்க்கமாட்டாள். இப்போது பார்த்தால் அவர் சொன்ன சொல்லே இல்லையே! தான் போட்டல்லவா சொல்லியிருக்கிறார். வாங்காட்டிக் கிடையாது என்றார், வாங்கினால் உண்டு என்று எங்கே சொன்னார்? எழுதிக் கொடுத்த புத்தகக்காரனைக் கேட்டாலும் அப்பா பக்கம்தான் டிக் அடிப்பான். அடுப்படியில் தனியாக உட்கார்ந்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்த வேகத்திலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பற்றவைக்காத அடுப்பின் மேல் பால் சிவனே என்று இருந்தது. பிறகு எதிர்த்தரப்பும் பேசவேண்டுமே. எந்த அப்பன் எந்தப் பிள்ளையிடம் இலக்கணம் பார்த்துப் பேசுகிறான்? பதினேழு வயதுப் பெண்ணிடம் வாங்கினால்தான் என்று சொன்னால் அவள் வாங்குடி, அனுப்புகிறேன் என்றுதானே எடுத்துக்கொள்வாள், அது சொன்னவருக்கும் தெரியும்தானே? தெரிந்தே அந்த இடைவெளியில் ஒளிந்துகொண்டவரைச் சும்மா விடலாமா? விடக்கூடாது. ஆனால் அவருக்கும் தெரியாமலே வாய் தவறி வந்த ‘தான்’ என்றால்? இப்படி இரண்டு பக்கமும் அவளே பேசிப் பேசி, ஒரு வாரம் கழித்துத் தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டாள். கிணத்தில் தண்ணி எவ்வளவு இருக்குது, முட்டி வலி எப்படி என்று கேட்டாள். அவர் ஆச்சரியப்பட்டுப்போய் நெடுநேரம் பேசினார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்த ஒரு சொல்லைப் புரிந்துகொண்டதற்கே மூன்று வருஷம் தகும் என்று கலாமணி நினைத்தாள், இப்போதும் நினைக்கிறாள்.

உளுந்து ஆகிவிட்டது. ஒரு துளியைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டாள், மிதந்தது. இன்னும் ஒரு சுற்று ஓடட்டும் என்று விட்டாள். இதைத்தான் வெள்ளியங்கிரி கேலி செய்வார், மிதந்தா எடுக்கவேண்டீதுதானே, அப்பறம் என்ன விசாரணை என்பார். முன்னறையில் இப்போது பேப்பர் சத்தமும் இல்லை. பார்த்துவிட்டாரோ? அவருக்குத் தேர்வு எண் தெரியும், அனுமதிச் சீட்டை அவர்தான் கடையில் அச்சடித்து வந்தார். பார்த்திருந்தால், நல்ல மார்க்காக இருந்தால், வந்து சொல்லியிருக்கமாட்டாரா? சொல்லவில்லை, ஆகவே நல்ல மார்க் இல்லை. ஆனால் பார்த்தே இருக்கவில்லை என்றால் அந்த ஆகவே செல்லாது. சரி, பார்த்தார், நல்ல மார்க், அதனாலேயே வாய் திறக்கவில்லை என்றால்? இதோ, இத்தனை நேரம் சுற்றி வளைத்துக் கடைசியில் அந்த இடத்துக்கே வந்து நிற்கிறாள். மார்க் வராவிட்டால் ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் மறுபடி எழுதலாம், விடியற்காலையும் புத்தகமும் இருக்கவே இருக்கின்றன, இன்னும் சொல்லப்போனால் அதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட உண்டு. வந்துவிட்டால்? வந்துவிட்டால் திருச்சி. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்று இடம் ஒதுக்கி வைத்திருப்பது அங்கே இருக்கிற சட்டப் பல்கலைக்கழகத்தில், போன வருஷம் அங்கே கடைசியாக உள்ளே போன ஆளின் மார்க் அவளுக்கு மனப்பாடம். ஐந்து வருஷம். கணபதியில் பட்டறை வைத்து, எரிந்துபோன மோட்டாருக்கெல்லாம் செம்புக்கம்பிக் காயில் கட்டிக் கொடுக்கிற மனுஷனிடம் போய், நான் திருச்சிக்குப் போகட்டுமா என்று எப்படிக் கேட்பது? பட்டறையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றா? நித்திலாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றா? மூன்று வருஷத்தில் அவர் படிக்காதே என்று ஒருநாள் சொன்னதில்லை. படி என்றும் சொன்னதில்லை. இவள் குனிந்து படித்துக்கொண்டிருந்தால் மிக்ஸியைப் போடாமல் சட்னி இல்லாத இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் போவார். அதற்கு என்ன அர்த்தம்? பாஸானால்தான் என்றா, பாஸானாலும் என்றா? ஊரில் உள்ள வாக்கியத்தையெல்லாம் பிரித்து மேய்கிறவளுக்கு வீட்டில் இருக்கிற பேசாத மனுஷனைப் பிரிக்கத் தெரியவில்லை, அவரிடம் பிரிப்பதற்கு வாக்கியமே இல்லையே. திருச்சி என்ற சொல்லை அவர் முன்னால் அவள் இதுவரை சொன்னதுகூடக் கிடையாது. சொன்னால் இல்லை என்று வந்துவிடுமோ என்று சொல்லாமலே பாதுகாத்து வைத்திருந்தாள். அப்பாவிடம் ஒருதரம் கேட்காமல் இருந்தது போதாது என்று இவரிடமும்.

உளுந்தை வழித்தாள். விரல் இடுக்கு, குழவியின் கழுத்து, கல்லின் விளிம்பு என்று ஒரு பொட்டு விடாமல் வழித்தாள். அரிசியைப் போட்டதும் கிரைண்டர் நறநறவென்று பெரிய சத்தம் எடுத்தது, அந்தச் சத்தத்துக்குள் நினைப்பது கொஞ்சம் சுலபமாக இருந்தது. இந்தத் தடவை பரீட்சை ஹாலில் அவளுக்கு அப்படி ஓர் அமைதி. சுற்றிலும் பதினேழு வயதுப் பிள்ளைகள் காலை ஆட்டிக்கொண்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள், ஜன்னலுக்கு வெளியே வாதாம் மரத்து நிழல், மேஜையில் யாரோ காம்பஸால் கீறிவைத்த பெயர். தர்க்கப் பகுதியில் ‘அன்லெஸ்’ வந்தபோது பழைய ஆளைப் பார்த்த மாதிரி, வாங்க என்று சொல்லாத குறையாக உள்ளே விட்டாள். வந்தாலொழிய என்று ஒருமுறை உதட்டில் சொன்னாள், கேள்வி அவிழ்ந்துகொண்டது. தெரியாத நான்கைந்தை, தெரியாது என்று நிம்மதியாக விட்டாள். விடும்போது அவமானமாக இல்லை. எழுதி முடித்து வெளியே வந்து, வாசலில் விற்ற நெல்லிக்காயை உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவித் தின்றுகொண்டே பஸ்ஸுக்கு நடந்தாள், தண்ணீர் குடித்தால் இனித்தது. மார்க் என்னவாக இருந்தாலும் அந்த இரண்டு மணி நேரம் அவளுடையது, அதை யாரும் கால் மார்க் கால் மார்க்காகப் பிடித்துக்கொள்ள முடியாது. அப்படியிருக்க இந்தப் போனுக்கு ஏன் இத்தனை நடுக்கம்? நடுக்கம் போனுக்கு இல்லை, முன்னறைக்கு. சரி, எதற்கும் ஒரு முடிவு வேண்டும். பதினேழு வயதில் மார்க் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, காப்பி குடிக்கிறவர்கள் முன்னால் வாயை மூடி நின்றவள் அவள்தானே, வக்கீலாட்டப் பேசுகிறவள் என்று பேர் எடுத்தவள் பேசவேண்டிய ஒரு தடவை பேசவில்லை. அப்பாவின் ‘தான்’ மேல் எத்தனை குற்றம் சுமத்தினாலும் இது அவள் கணக்கில்தான் வரும். கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பார், என்றிருக்கட்டுமே. கலாமணி கிரைண்டரை நிறுத்தினாள்.

கையைக் கழுவினாள். துடைத்தாள். ஈரம் இருக்கிறது என்று இன்னொருதரம் துடைத்தாள். எண்ணைப் போட்டாள், பிறந்த தேதியைப் போட்டாள், வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. எண்பத்து நான்கே முக்கால். கண் முதலில் அதை நாற்பத்தெட்டு என்று படித்தது, பிறகு சரியாகப் படித்தது. திருச்சியின் கடைசி ஆளைவிட எட்டு மார்க் கூட. நெஞ்சில் குப்பென்று ஒரு சூடு ஏறிக் காது மடல்வரை வந்தது, அடுப்படி முழுக்க ஊறவைத்த வெந்தயத்தின் வாசம் திடீரென்று தூக்கலாக அடித்தது. வாங்கிவிட்டாள். இரண்டாம் முறையாக வாங்கிவிட்டாள். முன்னறைக்கு நடந்தாள், ஆறேழு அடிதான், வழியில் வாக்கியத்தை இரண்டு தடவை மாற்றி அமைத்தாள். வெள்ளியங்கிரி பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம்பத்தி நாலே முக்காலுங்க.”

“ம். பாத்தேன். ஆனா அது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியில. உன்ற மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம்னு உக்காந்திருக்கறேன்.”

“நல்லதுங்க. சீட்டுக் கெடைச்சுரும்.” அவள் மூச்சை இழுத்தாள். தயாரித்து வைத்திருந்த வாக்கியம் எங்கோ போய்விட்டது. “திருச்சிக்குப் போகோணும். அஞ்சு வருசம். நான் போகோணும்னு ஆசப்படறேனுங்க. முடியாதுன்னாலும் பரவாயில்ல, கேக்காம இருக்க மாட்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். எதையும் சொல்வதற்கு முன்னால் அவர் செய்கிற வேலை அது.

“போன மாசம் கரூருக்கு மோட்டாரு கொண்டு போறேன்னு போனனல்லொ. கரூருக்குப் போகுல. திருச்சி பால்பண்ணப் பக்கம் ஒரு கட காலியா இருக்குதுன்னு நம்ம கூட்டாளி செல்லமுத்து சொன்னான், அதப் பாத்துட்டு வந்தேன். த்ரீ பேஸ் கரண்ட் இருக்குது. திருச்சீல மட்டும் மோட்டாரு எரியாதா என்ன?”

கலாமணி நின்ற இடத்திலேயே நின்றாள். ‘போன மாசம்’ என்றால் பரீட்சைக்கே முன்னால். மார்க் இல்லை, முடிவு இல்லை, எந்த நிபந்தனையும் இல்லாமல் ஒரு மனுஷன் பஸ் ஏறிப் போய்க் கடை பார்த்துவிட்டு வந்து, வந்ததைச் சொல்லாமல் இட்லி சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

“ஏனுங்க எங்கிட்டச் சொல்லுல?” என்றாள்.

“நீ கேக்கவே இல்லியே. நீயா ஆசப்பட்டுக் கேக்கோணுமல்ல, நானாத் தள்ளிவிட்ட மாதிரி இருக்கக்கூடாதல்ல” என்றார் அவர், சாதாரணமாக. “வீடு மட்டும் நீ வந்து பாரு. எனக்குக் கடையப் பத்தி வேண்ணாத் தெரியும், வீட்டப் பத்தி ஒண்ணுந் தெரியாது.”